சர்வர் ஓ.எஸ்.: விலையோடு ஆயுளையும் கேளுங்கள்!

2020 டிசம்பர் 8 அன்று லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் வெளியிட்ட அறிவிப்பு, சர்வர்களைப் பராமரிப்பவர்களை உலுக்கிவிட்டது. 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்று நம்பி நிறுவப்பட்ட இலவச ஓ.எஸ்.ஸான சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பரோடு முடிந்துவிடும் என்றது அது. பழைய சென்ட்ஓஎஸ் 7-க்கோ 2024 ஜூன் வரை ஆயுள் இருந்தது. காலத்தோடு புதிய பதிப்புக்கு மாறியவர்களுக்குத்தான் பலத்த அடி.

சென்ட்ஓஎஸ் அத்தனை அலுவலகங்களில் இடம்பிடித்ததற்கு நிர்வாகங்களின் பட்ஜெட் கெடுபிடி முக்கியக் காரணம். ரெட் ஹேட்டின் வணிகப் பதிப்புக்கான மூல நிரலிலிருந்தே அது உருவானது. அங்கே ஓடிய மென்பொருள் இங்கேயும் ஓடியது, சந்தா கிடையாது. ‘லைசென்ஸுக்குப் பணம் ஒதுக்க முடியாது’ என்ற மேலாளரும், உறுதியான லினக்ஸ் கேட்ட பொறியாளரும் அதில் ஒத்துப்போனார்கள். எத்தனை வருடம் வரும், யார் பொறுப்பு என்ற கேள்விகள் பல இடங்களில் எழவே இல்லை.

மாற்று சீக்கிரமே வந்தது. சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் ராக்கி லினக்ஸை அறிவித்தார். கிளவுட்லினக்ஸ் நிறுவனம் 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸை வெளியிட்டது. செர்ன், ஃபெர்மிலாப் ஆகிய ஆய்வுக்கூடங்கள் 2022 டிசம்பரில் அல்மாலினக்ஸைத் தேர்ந்தெடுத்தன. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களை மாற்றுவதற்கான உழைப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை.

ஆகவே, பொறியாளர்களே, நிர்வாகம் போடும் பட்ஜெட் வரம்பை ஏற்றுக்கொண்டே மூன்று விஷயங்களை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

முதலாவது, ஆயுள். உபுண்டு லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 5 ஆண்டுகள். விண்டோஸ் சர்வருக்கு நீட்டித்த ஆதரவையும் சேர்த்து 10 ஆண்டுகள். உங்கள் மென்பொருள் 7 ஆண்டு ஓட வேண்டுமென்றால், உபுண்டுவின் வழக்கமான ஆதரவை மட்டும் நம்பினால் நடுவே ஒரு மாற்றம் நிச்சயம். அதற்கான ஆள்செலவையும் இன்றைய கணக்கிலேயே சேருங்கள்.

இரண்டாவது, ஆள். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் எழுந்து சரிசெய்யப்போகிறவருக்கு எது கைவந்ததோ, அதற்கு முன்னுரிமை கொடுங்கள். மென்பொருளை விற்றவர் எந்த ஓ.எஸ்.ஸில் ஆதரவு தருகிறார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, வெளியேறும் வழி. அமைப்புகளை ஆன்சிபிள் போன்ற கருவியில் எழுதிவைத்தால் இடம்பெயர்வது எளிது. கன்டெய்னர் போதுமே என்பார்கள். அதற்கும் கீழே இருக்கும் சர்வரின் கெர்னல்தான் ஆதாரம்.

நிர்வாகத்துக்குத் தொழில்நுட்பம் புரியாது என்று ஒதுங்கிவிடக் கூடாது. வருடமும் செலவும் பொறுப்பும் அவர்களுக்கு நன்றாகவே புரியும். அந்த மொழியில் விளக்க வேண்டியது பொறியாளரின் கடமை.