மின்கலத்திற்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்றொரு சிற்றூர் உள்ளது. 1992 நவம்பரில் அங்கு விவசாயி ஒருவர் தம் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தருமாறு, உலோகம் கண்டறியும் கருவி வைத்திருந்த நண்பரைக் கேட்டுக்கொண்டார். தேடச் சென்ற நண்பரின் கருவியோ ரோமானியர் காலத்துப் பொன், வெள்ளி நாணயங்கள் ஏறத்தாழ 15,000 புதைந்திருந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது. அவர் மேற்கொண்டு தோண்டாமல் உரியவர்களுக்குத் தகவல் தெரிவித்தார். தொல்லியலாளர்கள் முறைப்படி அகழ்ந்தெடுத்த அந்தப் புதையல் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் அங்கேயே இடம்பெற்றிருக்கிறது.

மெட்டல் டிடெக்டர் என்று நாம் அழைக்கும் இக்கருவியைப் பொழுதுபோக்காகப் பயன்படுத்துவோர் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் ஏராளம். நம் நாட்டில் அத்தகையோர் குறைவே. எனினும் வெளிநாட்டில் வாழும் உறவினர் அன்பளிப்பாகத் தந்தும், தோட்டத்திலும் வயலிலும் தொலையும் பொருள்களைத் தேடுவதற்கென வாங்கியும் சில இல்லங்களில் இது இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியை நாம் உறையிட்டுப் பாதுகாக்கிறோம். ஆனால் அதை இயக்கும் சில பத்து ரூபாய் மின்கலங்களைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. பணம் சிறுகச் சிறுகக் கசிவது அங்கேதான். சில வேளைகளில் கருவியே பாழாவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மின்சாரம் எதற்குச் செலவாகிறது?

கருவியின் நுனியில் வட்டமாக இருக்கும் தட்டினுள் கம்பிச் சுருள் உள்ளது. பெரும்பாலான கருவிகளில், விசையை அழுத்திய நொடி முதல் இச்சுருளில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் மண்ணுக்குள் உள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மாற்றத்தை உணர்ந்துதான் கருவி ஒலி எழுப்புகிறது. ஆகவே, உலோகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் செலவு நடந்துகொண்டே இருக்கும். வணிகவியலில் நிலையான செலவு என்று சொல்வோமே, அதைப் போன்றது இது.

இதற்கு மேல் ஏற்படும் செலவுகள் நம் கையில் உள்ளவை. ஒலிபெருக்கியில் உரக்கக் கேட்பதைவிடக் கம்பியுடன் கூடிய ஹெட்போனில் கேட்பதற்குக் குறைந்த மின்சாரமே போதும். திரையின் பின்னொளி பகலில் தேவையில்லை. இடையில் இளைப்பாறும்போது கருவியை அணைத்துவிட வேண்டும். மரத்தடியில் சாய்த்து வைத்த கருவி அரை மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தால், அது யாருக்கும் பயன்படாத செலவு.

யாருக்கு எந்த மின்கலம்?

பல கருவிகள், கடைகளில் பென்சில் செல் என்று கேட்டு வாங்கும் ஏஏ அளவு மின்கலங்களில் இயங்குகின்றன. இவற்றில் மூன்று வகைகள் எளிதில் கிடைக்கும். விலை மலிந்த கார்பன் துத்தநாக மின்கலம் சுவர்க்கடிகாரத்திற்கு ஏற்றது. தொடர்ந்து மின்சாரம் இழுக்கும் கருவிக்கு விரைவில் சோர்ந்துவிடும். அல்கலைன் மின்கலம் 1.5 வோல்ட் அளவுடையது. நெடுநாள் இருப்பில் வைத்தாலும் தன் ஆற்றலைப் பெரிதும் இழக்காது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் 1.2 வோல்ட் அளவுடையது. சில நூறு முறை மீண்டும் மின்னேற்றம் செய்யத்தக்கது.

மறுமின்னேற்ற மின்கலமே எப்போதும் சிக்கனம் என்பது பொதுவான நம்பிக்கை. அதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடுவோம். நான்கு மின்கலங்கள் கொண்ட ஒரு தொகுதி 25 மணி நேரம் உழைக்கிறது என்றும், ஓர் அல்கலைன் மின்கலத்தின் விலை 40 ரூபாய் என்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். வாரம் 5 மணி நேரம் தேடுபவருக்கு ஆண்டில் 260 மணி நேரம் ஆகும். அவர் 11 தொகுதிகள் வாங்க வேண்டும். செலவு 1,760 ரூபாய். இரண்டு தொகுதி மறுமின்னேற்ற மின்கலங்களும் நல்ல சார்ஜரும் சேர்ந்து 3,000 ரூபாய் எனக் கொண்டால், அம்முதலீடு ஏறத்தாழ 20 மாதங்களில் திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் சேமிப்பே.

மாறாக, விடுமுறை நாள்களில் மட்டும் எடுத்து ஆண்டுக்கு 20 மணி நேரம் பயன்படுத்துபவருக்கு ஒரே அல்கலைன் தொகுதி போதும். செலவு 160 ரூபாய். அவர் 3,000 ரூபாய் முதலிட்டால் அது திரும்ப 18 ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் அந்த மின்கலங்களே மூப்படைந்து பயனற்றுப் போய்விடும். எனவே பொருளின் தரத்தோடு நம் பயன்பாட்டின் அளவையும் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மறுமின்னேற்ற மின்கலங்களில் ஒரு நுட்பம் உண்டு. அல்கலைனின் வோல்ட் அளவு படிப்படியாகக் குறையும். நிக்கல் வகையில் அது ஏறத்தாழ ஒரே நிலையில் நின்று, இறுதியில் சட்டென்று வீழும். அல்கலைனுக்கென அமைக்கப்பட்ட திரைக்குறியீடு, முழுதும் மின்னேற்றிய நிக்கல் மின்கலத்தையும் குறைந்ததாகவே காட்டக்கூடும். பின்னர் முன்னறிவிப்பு இன்றிக் கருவி நின்றுபோகும். ஆகவே மின்னேற்றிய இரண்டாம் தொகுதியைப் பையில் வைத்திருப்பது நல்லது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஏஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் அயான் மின்கலங்களும் விற்பனையாகின்றன. உருவம் ஒன்றாக இருப்பதால் அவற்றைப் பொருத்திவிட்டால் கருவியின் மின்சுற்று எரிந்துபோகக்கூடும். மேலுறையில் உள்ள வோல்ட் அளவைப் படித்த பின்னரே வாங்குங்கள்.

கூட்டாளிகள் சமமாக இருக்கட்டும்

கருவிக்குள் மின்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பழையதும் புதியதும் கலந்திருந்தால், வலுவிழந்தது முதலில் தீர்ந்துவிடும். மற்றவை அதன் வழியே மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்த, அது தலைகீழாக மின்னேற்றம் பெற்றுச் சிதையும், கசியவும் செய்யும். எனவே நான்கையும் ஒரே நாளில், ஒரே வகையில் வாங்கி, ஒன்றாகவே மாற்ற வேண்டும். அழியாத மையால் ஒவ்வொரு தொகுதியின் மீதும் அ, ஆ என்று குறித்து, வாங்கிய மாதத்தையும் எழுதிவைத்தால் குழப்பம் நேராது. சார்ஜரும் ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியே கண்காணித்து, நிறைந்ததும் தானே நிறுத்தும் வகையாக இருத்தல் நலம்.

கருவி ஏற்க மறுத்த அல்கலைன் மின்கலம் முற்றிலும் வெறுமையானதன்று. சுவர்க்கடிகாரத்திற்கும் தொலைக்காட்சி ரிமோட்டுக்கும் அது இன்னும் சில காலம் உழைக்கும்.

இருப்பில் வைக்கும்போது

டார்ச் விளக்கின் செல்களை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்துவது நம் வீடுகளில் பழகிய வழக்கம். வெப்பத்தால் உள்ளிருக்கும் வேதிவினை சற்று விரைவடைவதால் சிறிது நேரம் ஒளி கூடும்; அவ்வளவே. அதனால் புதிய ஆற்றல் எதுவும் சேர்வதில்லை. கசிவு நேரும் அபாயமே மிகுகிறது. குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் தேவையற்றது. வெளியே எடுக்கும்போது படியும் ஈரம் தீங்கு செய்யும். உலர்ந்த, நிழலான அலமாரியே போதும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை விட்டுவிட வேண்டாம்.

சில வாரங்களுக்குக் கருவி தேவையில்லை எனில், மின்கலங்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள விரும்புவோர் இதை நினைவிற்கொள்ளலாம். அல்கலைன் மின்கலத்திலிருந்து கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இணைப்புத் தகடுகளை அரித்து வெண்மையாகப் பூத்துவிடும். 40 ரூபாய்ப் பொருள் பல ஆயிரம் ரூபாய்க் கருவியை வீணாக்குவது இப்படித்தான். கசிவைத் தொடக்கத்திலேயே கண்டுவிட்டால், கையுறை அணிந்து, பஞ்சில் சில துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும்.

புதிய கருவிகள் சிலவற்றில் லித்தியம் அயான் மின்கலம் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அதை நூறு விழுக்காடு நிரப்பியோ, முற்றிலும் தீர்த்தோ மாதக்கணக்கில் வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். பாதியளவு மின்னேற்றத்தில் வைத்து, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

சட்டமும் கணக்கேடும்

பயன் தீர்ந்த மின்கலங்களை வீட்டுக் குப்பையோடு சேர்க்கலாகாது. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைப் பிற கழிவுகளிலிருந்து பிரித்து ஒப்படைக்கும் கடமையைப் பயனீட்டாளருக்கும் வகுத்துள்ளன. குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிச் சின்னம் மேலுறையில் இருப்பது இதை நினைவூட்டவே.

தேடலில் பழம்பொருள் ஏதேனும் கிடைத்தால் அதற்கும் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் எல்லைக்குள் தோண்டுதல் கூடாது.

இறுதியாக ஒரு பரிந்துரை. கருவியின் பையில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்து, நாள், பயன்படுத்திய நேரம், எந்தத் தொகுதி என்ற மூன்று பத்திகளை மட்டும் நிரப்பி வாருங்கள். ஆறு மாதங்களில் உங்கள் மின்கலம் உண்மையில் எத்தனை மணி நேரம் உழைக்கிறது, எந்தத் தொகுதி தளர்ந்து வருகிறது, மறுமின்னேற்ற வகைக்கு மாறுவது உங்களுக்கு ஆதாயமா என்பதெல்லாம் அப்பக்கங்களிலிருந்தே தெரிந்துவிடும். கேமரா, டார்ச், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என மின்கலம் இடும் எந்தப் பொருளுக்கும் இதே கணக்கு பொருந்தும்.