காப்பிக் கொட்டையின் ருசிப் பரீக்ஷை

காப்பி பயிரிடுவோரில் பெரும்பாலோர் தங்கள் தோட்டத்தில் ஏக்கருக்கு எவ்வளவு மகசூல் கிடைக்கிறதென்பதையும், கடைத்தெருவில் அன்றைய விலை என்னவென்பதையும் தவறாமல் அறிந்திருப்பர். ஆனால் தங்கள் தோட்டத்துக் கொட்டையைத் தனியே வறுத்து அரைத்து, பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேர்க்காமல் ருசி பார்த்தவர்கள் மிகச் சிலரே. உயர்தரக் காப்பியை வாங்கும் வியாபாரியோ ருசி பாராமல் ஒரு மூட்டையும் வாங்குவதில்லை. விற்பவன் அறியாத குணத்தை வாங்குபவன் அறிந்திருக்கும் வியாபாரத்தில் நஷ்டம் எப்பக்கம் சேருமென்பதை விவரிக்க வேண்டுவதில்லை. ஆகையால், இப்பரீக்ஷை எவ்வாறு செய்யப்படுகிறது, இதையொட்டி நடைபெறும் போட்டிகளால் விளைந்த பயன் யாது, சிறு தோட்டக்காரர் இதினின்றும் கற்க வேண்டியவை எவை என்பவை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப்படுகின்றன.

பரீக்ஷை செய்யும் விதம்

சென்ற இருபதாண்டுகளாக உலகில் பெரும்பாலும் வழங்கி வந்த முறை, அமெரிக்க விசேஷக் காப்பிச் சங்கத்தார் வகுத்ததாகும். முதலில் 350 கிராம் பச்சைக் கொட்டையை ஒரு மேஜையின்மேல் பரப்பி, கறுத்தவை, புளித்தவை, பூஞ்சணம் பிடித்தவை, பூச்சி துளைத்தவை, உடைந்தவை ஆகியவற்றைப் பொறுக்கி எண்ணுவார்கள். முழுவதும் கறுத்த கொட்டையோ முழுவதும் புளித்த கொட்டையோ ஒன்று இருப்பினும் அக்காப்பி விசேஷத் தரத்தில் சேராது.

பிறகு மாதிரியை அதிகம் கருகாமல் இளம் பதமாக வறுத்து, குறைந்தது 8 மணி நேரம் ஆற வைத்து, 24 மணி நேரத்துக்குள் பரீக்ஷைக்கு எடுத்துக்கொள்வர். ஒரே அளவுள்ள ஐந்து கோப்பைகளில், 150 மில்லிலிட்டர் நீருக்கு 8.25 கிராம் வீதம் கொட்டையைத் தனித்தனியே நிறுத்து, தனித்தனியே அரைத்துப் போடுவர். ஒன்றாக அரைத்துப் பங்கிட்டால் ஒரு கெட்ட கொட்டையின் வாடை ஐந்து கோப்பைகளிலும் கலந்துவிடும். தனியே அரைத்தால் அது எந்தக் கோப்பையில் இருக்கிறதென்று வெளிப்படும். உலர்ந்த தூளை முகர்ந்த பின்னர், சுமார் 93 டிகிரி செண்டிகிரேட் சூடுள்ள வெந்நீரை அதன்மேல் ஊற்றுவர். மூன்று முதல் ஐந்து நிமிஷங்கள் கழித்து, மேலே கட்டியிருக்கும் பொருக்கைக் கரண்டியால் கலைத்து, அப்பொழுது எழும் வாசனையைக் கவனிப்பர். நுரையை வழித்தெடுத்து, ஓரளவு ஆறியதும் கரண்டியால் எடுத்து, சத்தமுண்டாக உறிஞ்சி, நாக்கு முழுவதும் படும்படி செய்து ருசி பார்ப்பர். சூடு தணியத் தணிய மறுபடியும் மறுபடியும் பார்ப்பது அவசியம். சூட்டில் மறைந்திருக்கும் குற்றங்கள் பல ஆறிய பிறகே தெரியவரும்.

மார்க்குகள்

வாசனை, ருசி, விழுங்கியபின் நிற்கும் சுவை, இனிய புளிப்பு, வாயில் தோன்றும் கனம், இவை ஒன்றுக்கொன்று பொருந்தியிருத்தல், ஐந்து கோப்பைகளும் ஒருபடித்தாயிருத்தல், குற்றமற்ற தூய்மை, இனிப்பு, பரீக்ஷகரின் பொது அபிப்பிராயம் ஆகிய பத்து அம்சங்களுக்கும் பத்துப் பத்து மார்க்குகளாக மொத்தம் 100 மார்க்குகள். 80 மார்க்கும் அதற்கு மேலும் பெறுவது விசேஷக் காப்பி. 2023இல் வெளியிடப்பட்ட புதிய முறையில், காப்பியின் குணத்தை விவரிக்கும் தாளும், அதைப் பற்றிய விருப்பத்தை மதிப்பிடும் தாளும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எனினும், குற்றங்களைக் கண்டுபிடிக்கும் வழி ஏறக்குறையப் பழையதே.

இம்முறையின் கண்டிப்பைப் பின்வரும் திருஷ்டாந்தத்தால் அறியலாம். ஒரு தோட்டத்துக் காப்பி 84 மார்க்கு பெறத்தக்கதென்று வைத்துக்கொள்வோம். ஐந்து கோப்பைகளில் ஒன்றில் மட்டும் அளவுகடந்து புளித்த நாற்றம் காணப்பட்டால், ஒருபடித்தான தன்மையில் 2, தூய்மையில் 2, பெருங்குற்றத்துக்காக 4, ஆக 8 மார்க்குகள் குறைந்து 76 ஆகிவிடும். ஒரு கோப்பைக்குச் செல்லும் கொட்டைகள் அறுபது எழுபதுக்கு மேலிரா. அவற்றில் ஒன்றே ஒன்று கெட்டிருந்தாலும் போதும். ஒரு வருஷத்துப் பாடு விசேஷத் தரத்திலிருந்து சாதாரணத் தரத்துக்கு இறங்கிவிடும்.

கொட்டையின் பருமனைக் கொண்டு ருசியை நிச்சயிப்பதும் தவறாகும். பிளாண்டேஷன் ஏ, பி, சி, பீபெரி என்று சல்லடையிட்டுப் பிரிப்பது கொட்டை ஒரு சீராக வறுபடுவதற்கு உதவும். ருசிக்கு அது உத்தரவாதமன்று.

போட்டிகள் தோன்றிய வரலாறு

2001ஆம் ஆண்டில் நியூயார்க் சந்தையில் அராபிகாக் காப்பியின் விலை ராத்தலுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே சென்றது. பல தேசங்களில் சாகுபடிச் செலவுக்கும் அது கட்டவில்லை. தோட்டங்களைக் கைவிட்டவர்கள் அநேகர். நல்ல காப்பியும் மட்டக் காப்பியும் ஒரே விலைக்குப் போகும்வரை, பாடுபட்டுப் பழம் பறிப்பவனுக்கு ஊக்கமேது?

இத்தகைய குறையைப் போக்கும் பொருட்டு, அதற்கு முன்பே 1999இல் பிரேசில் தேசத்தில் ‘கப் ஆஃப் எக்ஸலென்ஸ்’ என்னும் போட்டி ஆரம்பிக்கப்பட்டது. தோட்டக்காரர்கள் அனுப்பும் மாதிரிகளுக்குப் பெயரை மறைத்து எண் மட்டும் இடப்படும். உள்நாட்டுப் பரீக்ஷகர்களும், பின்னர் வெளிநாட்டுப் பரீக்ஷகர்களும் பலமுறை ருசி பார்த்து மார்க்கு இடுவார்கள். தேறியவை இணைய வழியாக உலக வியாபாரிகள் முன் ஏலத்துக்கு வரும். பெரிய முதலாளியாயினும் இரண்டு ஏக்கர் குடியானவனாயினும் கோப்பையின் முன் சமமே என்பது இப்போட்டியின் சிறப்பு. பிறகு இது குவாத்தமாலா, கொலம்பியா முதலிய தேசங்களுக்கும், 2008இல் ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டாவுக்கும், 2020இல் காப்பியின் பிறப்பிடமான எத்தியோப்பியாவுக்கும் பரவிற்று.

பனாமா தோட்டத்தின் அனுபவம்

மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா தேசத்தில், போகெத்தே என்னும் மலைப்பிரதேசத்தில் லா எஸ்மெரால்டா என்ற தோட்டம் இருக்கிறது. பீட்டர்சன் குடும்பத்தார் அதன் சொந்தக்காரர்கள். அங்கே 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் கெய்ஷா என்னும் ரகச் செடிகள் இருந்தன. 1930ஐ அடுத்த ஆண்டுகளில் எத்தியோப்பியக் காடுகளில் விதை சேகரிக்கப்பட்டு, கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக 1953இல் கோஸ்டா ரிக்காவிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தை அடைந்து, பின்னர் பனாமாவுக்கு வந்த ரகம் அது. மகசூல் குறைவு, கிளைகள் எளிதில் ஒடியும். இலைப்புள்ளி நோயை ஒருவாறு தாங்குமென்பதே அதை வைத்திருந்ததற்குக் காரணம். அதன் கொட்டை ஏனையவற்றோடு கலந்தே விற்கப்பட்டதால், அதன் குணத்தை ஒருவரும் அறியவில்லை.

பிறகு அக்குடும்பத்தார் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியின் பழத்தையும் தனித்தனியே பறித்து, தனித்தனியே பக்குவம் செய்து, தனித்தனியே ருசி பார்த்தனர். ஒரு பகுதியின் காப்பி மட்டும் மல்லிகையையும் எலுமிச்சையையும் ஒத்த வாசனையுடன் விளங்கிற்று. 2004இல் பனாமா தேசப் போட்டியில் அது முதன்மை பெற்று, ஏலத்தில் ராத்தலுக்கு 21 டாலர் விலை போயிற்று. 2017இல் அத்தோட்டத்துக் கெய்ஷாக் காப்பியின் ஒரு சிறு பாகம் ராத்தலுக்கு 601 டாலருக்கு ஏலம் போயிற்று.

செடி புதிதன்று; நிலம் புதிதன்று. புதிதாகச் செய்தது பிரித்து வைத்ததும் ருசி பார்த்ததுமே என்பது இதில் கவனிக்கத்தக்கது.

குற்றங்களும் அவற்றின் காரணங்களும்

கோப்பையில் காணும் குற்றங்களில் பெரும்பாலானவை செடியிலன்றி, பழம் பறித்த பிறகு மனிதர் கையில் உண்டாகின்றன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. துவர்ப்பு: காய்களையும் அரைப்பழங்களையும் சேர்த்து உருவிப் பறிப்பதால் உண்டாவது. இத்தகைய கொட்டைகள் வறுத்த பிறகும் வெளுத்தே நிற்கும்.

2. காடி நாற்றம்: பறித்த பழத்தை இரவெல்லாம் சாக்கில் கட்டி வைப்பதாலும், தோல் நீக்கிய கொட்டையைத் தொட்டியில் அளவுக்கு மேல் ஊற விடுவதாலும் வருவது. பல்ப்பர் யந்திரத்திலும் தொட்டியின் மூலைகளிலும் முந்திய நாளின் கொட்டைகள் தங்கி அழுகி, மறுநாள் கொட்டையோடு கலந்துவிடும். ஆதலால் யந்திரத்தை நாள்தோறும் கழுவ வேண்டும்.

3. மண் வாடையும் பூஞ்சண வாடையும்: வெறுந்தரையில் உலர்த்துவதாலும், பாதி உலர்ந்த கொட்டை மழையில் நனைவதாலும் வருவன.

4. அந்நிய வாடை: காப்பிக் கொட்டை அண்டையிலுள்ள வாடையை எளிதில் பற்றிக்கொள்ளும். உரம், பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் ஆகியவை உள்ள அறையில் அதை வைக்கலாகாது.

5. பூச்சித் துளை: காய்த்துளைப்பான் வண்டு இந்தியாவில் முதன்முதலாக 1990இல் நீலகிரி ஜில்லா கூடலூர்ப் பகுதியில் காணப்பட்டது. செடியிலும் தரையிலும் எஞ்சும் பழங்களே அதன் உறைவிடமாதலால், அவற்றை விடாமல் பொறுக்கி அப்புறப்படுத்துவது ருசிக்கும் மகசூலுக்கும் ஒருங்கே நன்மையாகும்.

தமிழ்நாட்டு மலைகளில்

இந்தியாவில் 1940ஐ அடுத்த ஆண்டுகள் தொட்டு, தோட்டக்காரர்கள் தங்கள் காப்பியைக் காப்பி போர்டின் பொதுக் குவியலில் சேர்த்து, வகைக்கும் தரத்துக்கும் ஏற்பத் தவணைகளில் பணம் பெற்று வந்தனர். விலை வீழ்ச்சியில் அம்முறை பலரைக் காத்ததென்பது மெய்யே. ஆனால் தனி ஒரு தோட்டத்தின் ருசி அக்குவியலில் மறைந்து போயிற்று. 1990க்குப் பின் இம்முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முற்றிலும் நீங்கியது. அதன்பின் தன் காப்பியைத் தன் பெயரால் விற்கும் சுதந்தரம் தோட்டக்காரருக்கு உண்டாயிற்று. அதன் குணத்தை அறிந்திருக்க வேண்டிய பொறுப்பும் உடன் வந்தது. காப்பி போர்டார் 2002 முதல் இந்தியக் காப்பிகளுக்கென்று ருசிப் போட்டி நடத்தியிருக்கின்றனர்.

சேர்வராயன் மலை, பழனி மலையின் கீழ்ச்சரிவுகள், சிறுமலை, கொல்லிமலை ஆகியவற்றில் சிறு தோட்டக்காரர்கள் மிளகு, வாழை, ஆரஞ்சு முதலியவற்றோடு காப்பியை நிழலில் வளர்க்கின்றனர். இவ்விடங்களில் பெருந்தொல்லை யாதெனில், பழம் பறிக்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவதாகும். நன்கு பழுத்த பழமும் களத்தில் நனைந்து கெடுகிறது. ஆகவே, தரையினின்று உயர்த்திக் கட்டிய வலைப் பரண்களும், மேலே மூடத்தக்க தார்ப்பாய்களும் இங்கே முதற்செலவாகக் கொள்ளத்தக்கவை.

அனுசரிக்க வேண்டிய முறைகள்

தோட்டம் முழுவதையும் ஒரே வருஷத்தில் மாற்ற முற்படலாகாது. உயரமான ஒரு பகுதியைத் தெரிந்துகொண்டு, அதில் முற்றும் பழுத்த பழங்களை மட்டும் பறிக்க வேண்டும். பழங்களை நீரிலிட்டு மிதப்பவற்றை நீக்கி, அன்றைக்கே தோல் நீக்க வேண்டும். மலையின் குளிருக்கேற்ப அராபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம் ஊறிய பின், கையில் அள்ளிப் பிசைந்தால் வழுவழுப்பின்றி நறநறவென்றிருக்கும் பதத்தில் கழுவ வேண்டும். மெல்லிய அடுக்காகப் பரப்பி அடிக்கடி கிளறி, ஈரம் நூற்றுக்கு 10 முதல் 12 பங்கு வரும்வரை உலர்த்தி, பறித்த தேதியும் பகுதியும் ரகமும் எழுதிய சீட்டுடன் தனி மூட்டையாக வைக்க வேண்டும்.

ருசி பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. ஒரே அளவான ஐந்து தம்ளர்கள், சிறு தராசு, வறுசட்டி, வெந்நீர் ஆகியவை போதும். தம்ளரின் அடியில் அடையாளமிட்டு, மற்றொருவர் வரிசை மாற்றி வைக்க, எது எத்தோட்டத்துக் காப்பியென்று அறியாமல் பார்ப்பதே முக்கியம். தன் தோட்டத்தின் மீதுள்ள பற்று நாவை ஏமாற்றிவிடும். வீட்டுப் பரீக்ஷையில் தேறிய மாதிரியை, மேல் அபிப்பிராயத்துக்காகப் பெங்களூரிலுள்ள காப்பி போர்டின் தரப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம்.

எச்சரிக்கை

ஏலத்தில் கேட்கப்படும் பெருவிலையைக் கண்டு மயங்கலாகாது. அவ்விலை சில மூட்டைகளுக்கே உரியது. தோட்டத்தின் எஞ்சிய காப்பி சந்தை விலைக்கே போகும். கெய்ஷா நாற்றை வாங்கி நட்டதனாலேயே கெய்ஷாவின் ருசி வந்துவிடாது; உயரமும் குளிரும் பக்குவமும் கூட வேண்டும். பழுத்த பழத்தை மட்டும் தெரிந்து பறிப்பதற்குக் கூலி அதிகமாகும். ஆதலால் அந்தப் பகுதிக்கென்று தனிக் கணக்கு வைத்து, மிகுதியாகப் பெற்ற விலை மிகுதியான செலவுக்குக் கட்டுகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தனி ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்யலாம். ஒரு கிராமத்துச் சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு பல்ப்பர் யந்திரமும் உலர்த்தும் பரண்களும் ஏற்படுத்திக்கொண்டால், ஒரே பக்குவத்தில் விற்பனைக்குப் போதுமான அளவு காப்பி சேரும். ஆனால் ஒருவருடைய பச்சைக்காய் அனைவருடைய கோப்பையையும் கெடுக்குமாதலால், பழம் வந்து சேரும் இடத்திலேயே தரம் பார்த்து ஏற்பதும் தள்ளுவதும் தாக்ஷண்யமின்றி நடைபெற வேண்டும். இவ்வேற்பாட்டுக்குக் கிராம உத்தியோகஸ்தர்கள் முன்னின்று, பொது இடமும் நீர் வசதியும் கிடைக்கச் செய்து, கழுவிய நீர் ஓடையில் கலவாதபடி கவனிப்பார்களாயின், மலைவாழ் குடியானவர்களுக்குச் செய்யும் பேருதவியாகும்.