வெண்ணெய் தின்ற மரவெட்டிகள்!
ஒரு மாகாணமே சாப்பாட்டை மாற்றிய கதை

நாற்பது வயது. கட்டுமஸ்தான உடம்பு. விடிந்தால் கோடரியும் கையுமாகக் காட்டுக்குப் போவான். தொந்தி கிடையாது. நோய் என்று ஒருநாள்கூடப் படுத்தவன் அல்ல.

அப்படிப்பட்டவன், வெட்டிச் சாய்த்த மரத்தின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். வீட்டுக்குப் பிணமாக வந்தான்.

ஒருவன் அல்ல, இருவர் அல்ல. ஊருக்கு ஊர் இப்படிச் செத்தார்கள்.

இது நடந்த இடம், ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள பின்லாந்து நாடு. அதன் கிழக்கு ஓரத்தில், ருஷ்ய எல்லையை ஒட்டி, வட கரேலியா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. ஏரி, காடு, பனி, மாடு. இவைதான் அந்த மாகாணத்தின் சொத்து. 1970-ம் ஆண்டு வாக்கில் அங்கே சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர் இருந்தார்கள்.

35 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் 1 லட்சம் பேர் என்றால், ஆண்டுதோறும் சுமார் 670 பேர் இருதய நோயால் மாண்டார்கள். உலகத்திலேயே மிக மோசமான கணக்குகளில் அது ஒன்று. தகப்பன் இல்லாத வீடு அங்கே ஒவ்வொரு கிராமத்திலும் இருந்தது.

"உட்கார்ந்து தின்பவனுக்குத்தானே மாரடைப்பு வரும்? காட்டில் உழைப்பவனுக்கு ஏன் வருகிறது?"

டாக்டர்களுக்கே இது புதிராக இருந்தது.

7 நாடுகளில் ஆராய்ச்சி

அன்சல் கீஸ் என்பவர் அமெரிக்க விஞ்ஞானி. அவர் 1958-ல் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அமெரிக்கா, பின்லாந்து, ஹாலந்து, இத்தாலி, கிரீஸ், யுகோஸ்லாவியா, ஜப்பான் ஆகிய 7 நாடுகளில் 40 முதல் 59 வயது வரை உள்ள ஆண்கள் 12 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பரிசோதித்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ரத்தத்தில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, எத்தனை பேர் எதனால் சாகிறார்கள் என்று பல ஆண்டுகள் விடாமல் கணக்கு எழுதினார்கள்.

அதில், மாரடைப்பில் முதல் இடம் கிழக்குப் பின்லாந்துக்கு. கடைசி இடத்தில் இருந்தவர்களில் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்காரர்களும் உண்டு.

கிரீட் தீவுக்காரர்கள் பத்தியம் இருந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களும் கொழுப்பை நிறையச் சாப்பிட்டார்கள். பின்லாந்துக்காரர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல!

அப்படியானால் வித்தியாசம் எங்கே?

கிரீட் தீவில் கொழுப்பு என்றால் ஆலிவ் எண்ணெய். அதோடு கீரை, காய், பயறு, பழம். வட கரேலியாவில் கொழுப்பு என்றால் வெண்ணெய், பாலேடு, பன்றிக் கொழுப்பு. காய்கறி பேருக்குக்கூடக் கிடையாது.

கீஸ் அங்கே ஒரு காட்சியைக் கண்டார். மரவெட்டிகள் ஆவிக் குளியல் முடித்து வந்தார்கள். ரொட்டித் துண்டு அளவுக்குப் பாலாடைக் கட்டியை அரிந்தார்கள். அதன்மேல் தடிமனாக வெண்ணெயைப் பூசிக் கடித்தார்கள். பாலாடைக் கட்டியே கொழுப்பு. அதன்மேல் வெண்ணெய்!

உள்ளே நடப்பது என்ன?

வெண்ணெய், பாலேடு, பன்றிக் கொழுப்பு இவற்றில் கெட்டிக் கொழுப்பு அதிகம். (நெய்யும் உருக்கிய வெண்ணெய்தான்.) இதை அளவு மீறி நாள்தோறும் தின்றால், ரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பை ஈரல் சரியாக இழுத்துக்கொள்ளாது. மிஞ்சிய கொழுப்பு ரத்தத்திலேயே சுற்றும். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் சுவரில் மெல்ல மெல்லப் படியும்.

இது ஒரு நாளில் நடப்பதல்ல. இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அதுவரை வலி கிடையாது. காய்ச்சல் கிடையாது. ஆள் திடகாத்திரமாகவே தெரிவான். ஒருநாள் அந்தப் படிவு வெடிக்கும். அந்த இடத்தில் ரத்தம் உறையும். குழாய் அடைபடும். அதுதான் மாரடைப்பு.

கோடரி பிடித்து உழைப்பது நல்லதுதான். ஆனால் அந்த உழைப்பு மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

வெண்ணெய் வந்த விதம்

வட கரேலியாக்காரர்கள் ஆதியிலிருந்தே இப்படிச் சாப்பிட்டவர்கள் அல்ல. ஏரி மீனும், காட்டுப் பழமும், காளானும், 'ரை' என்ற தானியத்தில் சுட்ட கறுப்பு ரொட்டியும் அவர்களுடைய பழைய சாப்பாடு.

1939-ல் ருஷ்யாவோடு சண்டை வந்தது. 1944-ல் சண்டை ஓய்ந்தபோது கரேலியாவின் ஒரு பகுதி ருஷ்யாவின் கைக்குப் போய்விட்டது. சுமார் 4 லட்சம் பேர் வீடு வாசலை இழந்து பின்லாந்தின் மற்ற பகுதிகளுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் போர்வீரர்களுக்கும் அரசாங்கம் நிலம் கொடுத்தது. குளிர் நாட்டில் துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாடு வளர்த்தார்கள். பால் பெருகியது. பஞ்சத்தில் வாடியவர்களுக்கு, ரொட்டிமேல் வெண்ணெய் பூசித் தின்பதுதான் பெரிய வாழ்வாகத் தோன்றியது. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

மக்கள் கொடுத்த மனு

1971-ம் ஆண்டு ஜனவரி மாதம், வட கரேலியாவின் கவர்னரும், பாராளுமன்ற உறுப்பினர்களும், பொதுநல அமைப்புகளும் சேர்ந்து ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். "எங்கள் ஆட்கள் அநியாயமாகச் சாகிறார்கள். ஏதாவது செய்யுங்கள்" என்பதுதான் மனுவின் சாரம். மனு தலைநகரான ஹெல்சிங்கிக்குப் போனது.

மறு ஆண்டே வேலை தொடங்கியது. தலைமை தாங்கியவர் பெக்கா புஸ்கா என்ற டாக்டர். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவர் செய்த முடிவுதான் இந்தக் கதையில் முக்கியமானது. நோயாளிகளை மட்டும் தேடிப் பிடித்து மருந்து கொடுப்பது அவர் திட்டம் அல்ல. நன்றாக இருப்பவர்களின் சாப்பாட்டை மாற்ற வேண்டும் என்றார். காரணம், அந்த மாகாணத்தில் ஆண்களின் ரத்தத்தில் கொலஸ்டிரால் அளவு சராசரியே 265-க்கு மேல்! 200-க்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. ஊரே எல்லையைத் தாண்டி நிற்கும்போது, யாரை நோயாளி என்பது? யாரை ஆரோக்கியசாலி என்பது?

அடுப்படியில் நடந்த புரட்சி

டாக்டர் பேச்சை யார் கேட்டார்கள்? துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். கூட்டம் போட்டார்கள். "காய்கறியா? அது முயலுக்குப் போடும் தீனி!" என்று ஆண்கள் சிரித்தார்கள்.

அப்போது கைகொடுத்தவர்கள் பெண்கள். 'மார்த்தா' என்ற குடும்பப் பெண்கள் சங்கம் அங்கே 1899 முதல் இருக்கிறது. கணவனைப் பறிகொடுத்தவர்களின் கண்ணீரை அந்தப் பெண்கள் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். அவர்கள் கிராமம் கிராமமாக 'நீண்ட ஆயுள் விருந்து' நடத்தினார்கள். பிரசங்கம் கொஞ்சம், சமையல் நிறைய!

கரேலியாவில் ஒரு குழம்பு உண்டு. இறைச்சியையும் கொழுப்பையும் உப்போடு சேர்த்து, அடுப்பில் பல மணி நேரம் வேக வைப்பார்கள். அந்தக் குழம்பை விடச் சொன்னால் விடுவார்களா? பெண்கள் விடச் சொல்லவில்லை. அதே சட்டியில் கொழுப்பைக் குறைத்தார்கள். கேரட்டும் உருளைக்கிழங்கும் கிழங்கு வகைகளும் போட்டார்கள். உப்பையும் குறைத்தார்கள். ஆண்கள் சாப்பிட்டார்கள்!

வெண்ணெய் வியாபாரிகள் எதிர்க்காமல் இருப்பார்களா? எதிர்த்தார்கள். பால் பண்ணைதான் அங்கே பிழைப்பு. அதற்கும் வழி தேடினார்கள். பழச் செடி பயிரிட விவசாயிகளுக்கு உதவி கிடைத்தது. குளிர் தாங்கும் ஒரு செடியிலிருந்து, அது கடுகு இனத்தைச் சேர்ந்தது, உள்நாட்டிலேயே சமையல் எண்ணெய் எடுத்தார்கள். முன்பு பாலில் கொழுப்பு அதிகம் இருந்தால் விவசாயிக்குப் பணம் அதிகம். பிறகு புரதத்தைப் பார்த்து விலை போட்டார்கள். 'சாசேஜ்' என்ற இறைச்சிக் குழல் செய்யும் கம்பெனியும் கொழுப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் காளானைச் சேர்த்தது. ருசி நன்றாக இருந்ததாம்!

1990-க்குப் பிறகு கிராமங்களுக்குள் போட்டிகூட நடந்தது. எந்தக் கிராமம் கொலஸ்டிராலை அதிகம் குறைக்கிறதோ அதற்குப் பரிசு!

பலன் என்ன?

திட்டம் தொடங்கியபோது ஆண்டுதோறும் 1 லட்சத்துக்கு 670 பேர் செத்தார்கள் அல்லவா? 2006 வாக்கில் அது 120-க்கும் கீழே வந்துவிட்டது. 100 சாவில் 80-க்கு மேல் தடுக்கப்பட்டுவிட்டது. ஆண்களின் கொலஸ்டிரால் சராசரி 2007-ல் சுமார் 210-க்கு இறங்கியது.

எல்லாம் சாப்பாட்டால் மட்டுமே நடந்தது என்று சொன்னால் அது பொய். 1972-ல் அங்கே ஆண்களில் பாதிப் பேர் புகை பிடித்தார்கள். அதுவும் குறைந்தது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வந்தது. ஆஸ்பத்திரி வைத்தியம் முன்னேறியது. பின்லாந்தின் மற்ற மாகாணங்களிலும் சாவு குறைந்தது. (1977-க்குப் பிறகு இதே பிரசாரம் நாடு முழுவதும் நடந்ததும் அதற்கு ஒரு காரணம்.) 1982 முதல் 1997 வரை பின்லாந்தில் குறைந்த சாவுகளை ஆராய்ச்சியாளர்கள் பிரித்துக் கணக்கிட்டார்கள். வைத்தியத்தின் பங்கு கால்வாசி. கொலஸ்டிரால், ரத்தக் கொதிப்பு, புகை ஆகியவை குறைந்ததன் பங்கு பாதிக்கு மேல். அதிலும் முதல் இடம் கொலஸ்டிராலுக்கு.

திட்டம் 1997-ல் முடிந்தது. டாக்டர் புஸ்கா பின்னர் உலக சுகாதார நிறுவனத்தில் பெரிய பதவி வகித்தார்.

அதன் பிறகு வேறொன்று நடந்தது. "கொழுப்பு கெடுதல் அல்ல, மாவுச் சத்துதான் கெடுதல்" என்று ஒரு பேச்சு நாடெங்கும் பரவியது. பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. 2012-ல் மறுபடி ரத்தப் பரிசோதனை நடத்தினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்த கொலஸ்டிரால், 2007-ல் இருந்ததைவிடச் சற்று ஏறியிருந்தது. வெண்ணெய் விற்பனையும் கூடியிருந்தது.