ஊர் இரண்டுபட்டபோது

ரொறன்ரோவில் வாழும் என் மருமகனின் வீட்டு நிலக்கீழ் அறையிலே கருநிறக் கருவியொன்று இன்றும் இருக்கின்றது. மின்னிணைப்பைக் கொடுத்தால் உறக்கம் கலைந்த கிழவனைப்போல் முனகி எழுந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் யோசித்த பின்னரே படத்தைக் காட்டத் தொடங்கும். அதன் அருகே செந்நிற உறைகளில் பதினெட்டு இறுவட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இன்று கடைகளில் விற்கப்படும் எந்தக் கருவியும் அவற்றைப் படிக்கமாட்டாது. இந்தக் கருவியை வாங்கும்படி மருமகனுக்குப் புத்தி கூறியவன் நான். முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பிறருக்குப் புத்தி கூறியே பழகிப்போன ஒருவன், தான் கூறிய புத்தி எங்கே பிழைத்தது என்பதைத் தேடிப் பார்ப்பது கடனல்லவா? அந்தக் கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகின்றேன்.

2007ஆம் ஆண்டின் பிற்பகுதியில் என் தமக்கையாரைப் பார்ப்பதற்காகக் கனடாவுக்குச் சென்றிருந்தேன். மருமகன் அப்பொழுது தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை செய்துகொண்டிருந்தான். பல மாதங்கள் சேர்த்து வைத்த காசில் அகன்ற திரையுடைய புதிய தொலைக்காட்சிப் பெட்டியொன்றை வாங்கியிருந்தான். அந்தத் திரைக்கேற்ற தெளிவான படத்தைக் காட்டும் கருவியும் வேண்டுமென்பது பிள்ளைகளின் ஆசை. ஒரு சனிக்கிழமை மாலை கடைக்குப் போனோம். அங்கே இரண்டு அடுக்குகள். ஒன்றில் செந்நிற உறைகள், அவை எச்.டி. டி.வி.டி. மற்றதில் நீலநிற உறைகள். அவை புளூ ரே. உருவத்திலும் பருமனிலும் இரண்டும் ஒன்றே. ஆயினும் ஒன்றின் கருவி மற்றதைத் தொடாது.

எதனை வாங்குவது என்று விற்பனையாளனைக் கேட்டோம். "உங்களுக்கு எந்தக் கம்பனியின் படங்கள் பிடிக்கும்?" என்று அவன் எங்களையே திருப்பிக் கேட்டான். படம் பார்ப்பவன் கதையை நினைப்பான், நடிகரை நினைப்பான். கம்பனியை யார் நினைப்பார்? ஆனால் அவனுடைய கேள்வியிற் பிழையில்லை. டிஸ்னி, பொக்ஸ், சோனி ஆகியோரின் படங்கள் நீல அடுக்கில் மாத்திரமே கிடைத்தன. யூனிவேர்சலின் படங்கள் சிவப்பில் மாத்திரம். பரமவுண்ட் இரண்டிலும் வெளியிட்டு வந்து, 2007 ஒகஸ்டில் திடீரென்று சிவப்புப் பக்கமே சாய்ந்துவிட்டது. வார்ணர் மட்டும் இரண்டு படகிலும் கால் வைத்திருந்தது. எல்லாப் படங்களையும் பார்க்க விரும்பும் வீட்டுக்காரன் இரண்டு கருவிகளையும் வாங்கவேண்டும் என்பதே இதன் பொருள். "மாமா, நீங்கள் சொல்லுங்கோ, எதை எடுப்பம்?" என்றான் மருமகன்.

இந்தப் பிணக்கின் வேரை அறிந்தால் வாசகர்கள் வியப்படைவர். இறுவட்டிலே படமும் ஒலியும் நுண்ணிய குழிகளாகப் பதிக்கப்பட்டிருக்கும். அக்குழிகளை லேசர்க் கதிரொன்று தடவிப் படிக்கும். கதிரின் அலைநீளம் குறையக் குறைய, அதனைச் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். புள்ளி சிறுத்தால் குழியும் சிறுக்கலாம். ஆகவே ஒரே அளவுத் தட்டில் மேலும் கூடுதலான செய்தியை அடக்கலாம். பாட்டுக் கேட்கும் பழைய இறுவட்டுக்கு 780 நனோமீற்றர் அலைநீளக் கதிர், டி.வி.டி.க்கு 650 நனோமீற்றர் கொண்ட செங்கதிர். புதிய இறுவட்டுகளுக்கோ 405 நனோமீற்றர் கொண்ட நீலஊதாக் கதிர். இத்தகைய கதிரை ஒரு சிறு குறைகடத்தித் துண்டிலிருந்து பெறலாம் என்று 1990களிலே காட்டியவர்களுள் முதல்வர், நிச்சியா என்ற யப்பானியக் கம்பனியில் அக்காலத்திற் பணியாற்றிய சூஜி நகமுரா. நீல ஒளி தரும் இருவாயியை ஆக்கியமைக்காக அவருக்கும் வேறிரு யப்பானிய விஞ்ஞானிகளுக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிவப்பு உறைக்காரரும் நீல உறைக்காரரும் கையாண்டது இந்த ஒரே கதிரையே. படத்தைச் சுருக்கி எழுதும் முறைகளும் இரு சாராருக்கும் பொதுவானவையே. அப்படியானால் வேற்றுமை எங்கே? எச்.டி. டி.வி.டி.யில், பழைய டி.வி.டி.யிற் போலவே, மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீற்றர் ஆழத்தில் குழிகள் இருந்தன. புளூ ரேயில் அவை 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில் இருந்தன. அரை மில்லிமீற்றர்! நகத்தின் தடிப்பளவுகூட வராத இந்த இடைவெளியே இரண்டு முகாம்களைப் பிரித்தது. குழிகள் மேலே இருந்தமையால் புளூ ரேயின் கதிரை இன்னும் கூர்மையாகக் குவிக்க முடிந்தது. ஆகவே அதன் ஒரு படையில் 25 கிகாபைற் கொள்ளும், எச்.டி. டி.வி.டி.யில் 15 மாத்திரமே. மறுபுறத்தில், எச்.டி. டி.வி.டி.யைப் பழைய டி.வி.டி. ஆலைகளிலேயே சிறு மாற்றங்களோடு அச்சிடலாம்; செலவு குறைவு. புளூ ரேக்குப் புதிய இயந்திரங்கள் வேண்டும்; மெல்லிய மேற்படை கீறுபடாதிருக்க வைரம் பாய்ந்த பூச்சும் வேண்டும். திரையில் விழும் படத்தைப் பார்த்து இது சிவப்பு, இது நீலம் என்று பிரித்துச் சொல்லக்கூடிய கண் எங்கள் வீட்டில் எவருக்கும் இருக்கவில்லை.

இவர்கள் முன்பே சமாதானமாகப் போனவர்கள் என்பதுதான் வேடிக்கை. 1995இல் டி.வி.டி. உருவாகும் வேளையிலும் தொஷிபா ஒரு பக்கமும் சோனி, பிலிப்ஸ் மறுபக்கமுமாக இரண்டு முறைகள் இருந்தன. கணினிக் கம்பனிகள் நெருக்கவே ஒரு முறைக்கு உடன்பட்டனர், டி.வி.டி. உலகெங்கும் பரவியது. பத்தாண்டுகளின் பின், 2005இல் மீண்டும் பேசினார்கள். இம்முறை பேச்சு முறிந்தது. விற்கும் ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு கருவியிலும் காப்புரிமைப் பணம் சொட்டும். அந்தச் சொட்டு எவருடைய குடத்தில் விழுவது என்பதில் விட்டுக்கொடுக்க எவரும் ஆயத்தமாயில்லை. 2006 ஏப்ரிலில் தொஷிபாவின் கருவி 499 டொலருக்கு அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. யூனில் சம்சுங்கின் புளூ ரே கருவி 999 டொலருக்கு வந்தது.

இனி, நான் கூறிய புத்தியைச் சொல்கின்றேன். கடையின் நடுவே நின்று, மருமகனுக்கு மூன்று நியாயங்களை எடுத்துரைத்தேன். முதலாவது, விலை. அந்த நவம்பரில் அமெரிக்காவின் வோல்மார்ட் கடைகள் தொஷிபாவின் கருவியொன்றை 98.87 டொலருக்கு விற்றதாகப் பத்திரிகைகள் எழுதியிருந்தன. மலிவானதையே மக்கள் வாங்குவர். மக்கள் வாங்குவதே வெல்லும் என்றேன். இரண்டாவது, வரலாறு. ஒளிநாடாக் காலத்தில் சோனியின் பீற்றாமாக்ஸ், வி.எச்.எஸ். நாடாவிடம் தோற்றது. அன்று தோற்றவன் இன்றும் தோற்பான் என்றேன். மூன்றாவது, ஒரு பழமொழி. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இரண்டு கம்பனிகளும் மோதுகின்றன, விலை விழுகின்றது, கூத்தாடி நீதான் என்றேன். மருமகன் சிரித்தான். செந்நிற அடுக்கின் பக்கம் போனோம்.

அன்றிரவு பி.பி.சி.யின் 'பிளனெற் ஏர்த்' என்ற இயற்கைச் சித்திரத்தைப் போட்டோம். நியூகினிக் காட்டிலே சொர்க்கப் பறவையொன்று தன் பேடையின் முன் நின்று ஆடியது. என் தமக்கையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "உந்தப் பறவையின்ர இறகை எண்ணிப்போடலாம் போல கிடக்கு" என்றார். இரவு வேலைக்குப் புறப்பட்டு நின்ற மருமகன், சப்பாத்தைப் போட்டபடியே வாசலில் நின்று கால்மணி நேரம் பார்த்துவிட்டுப் போனான். அந்தக் கால்மணி நேரத்துக்காகவே அவன் அக்கருவியை வாங்கினான் என்று இப்பொழுது எனக்குத் தோன்றுகின்றது.

2008 ஜனவரி 4ஆந் திகதி, இனித் தன் படங்கள் புளூ ரேயில் மாத்திரமே வெளிவரும் என்று வார்ணர் அறிவித்தது. இரண்டு முறைகள் இருப்பது வாங்குவோரைக் குழப்புகின்றது என்பதே அது கூறிய காரணம். சில நாட்களில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் நடக்கவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தை எச்.டி. டி.வி.டி. முகாம் கைவிட்டது. பெப்ரவரி 11ஆந் திகதி, தபால் மூலம் இறுவட்டுகளை இரவல் கொடுத்துவந்த நெற்பிளிக்ஸ் நீலத்தைத் தெரிந்தது. 15ஆந் திகதி வோல்மார்ட்டும் அவ்வாறே அறிவித்தது. 19ஆந் திகதி தொஷிபா ஆயுதத்தைக் கீழே வைத்தது. அதுவரை உலகெங்கும் ஏறக்குறைய 730,000 கருவிகளை விற்றிருந்தது. அவற்றுள் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது.

என் நியாயங்கள் எங்கே பிழைத்தன? கடை அடுக்கிலிருந்த விலைச் சீட்டுகளை மாத்திரம் எண்ணினேன். பிள்ளைகள் விளையாடும் பெட்டியை எண்ணவில்லை. 2006 நவம்பரில் வந்த சோனியின் பிளேஸ்ரேஷன் 3 என்ற விளையாட்டுக் கருவிக்குள்ளே புளூ ரே இயக்கி பொருத்தப்பட்டிருந்தது. விளையாட்டுக்காக அதனை வாங்கிய இலட்சக்கணக்கானோர், தாம் ஒரு போரிலே படைவீரராகச் சேர்க்கப்பட்டதை அறியாமலே நீலப் பக்கம் நின்றனர். மைக்ரோசொப்ற் எச்.டி. டி.வி.டி. இயக்கியைத் தன் விளையாட்டுக் கருவியோடு இணைக்காமல், 199 டொலருக்குத் தனியாக விற்றது, வேண்டுபவன்தான் வாங்குவான்.

இரண்டாவது பிழை இன்னும் பெரியது. மக்கள் தீர்மானிப்பார்கள் என்று நம்பினேன். பரமவுண்டும் அதனோடு சேர்ந்த ட்ரீம்வேர்க்ஸ் அனிமேஷனும் சிவப்புக்கு மாறியதற்கு 150 மில்லியன் டொலர் பெறுமதியான சலுகைகள் கிடைத்ததாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. ஒரு படக் கம்பனியின் அலுவலகத்தில் எடுக்கப்பட்ட முடிவொன்று ஏழு வாரத்துள் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. என் மருமகன் தன் காசைக் கொடுத்து அளித்த வாக்கு எந்தப் பெட்டியிலும் எண்ணப்படவில்லை. சந்தைதான் தீர்ப்பளிக்கும் என்று பொருளியல் ஆசிரியர்கள் பாடம் சொல்லும்போது, அந்தச் சந்தையிலே நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எத்தனை பேர், நின்றுகொண்டிருப்பவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். நாட்டிலே பெரும்பாலான குடும்பங்கள் இரண்டையும் வாங்காமல் பழைய டி.வி.டி.யோடு இருந்துவிட்டன. அவர்களே விவேகிகள்.

பெஸ்ட் பை என்ற அமெரிக்கக் கடைத்தொகுதி, தன்னிடம் எச்.டி. டி.வி.டி. கருவி வாங்கியவர்களுக்கு 50 டொலர் பெறுமதியான அன்பளிப்பு அட்டை கொடுத்தது. நாங்கள் வாங்கிய கடை அது அன்று. மருமகன் பற்றுச்சீட்டோடு போனான். திருப்பிக் கொடுக்கும் தவணை கடந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் திரும்பி வந்தபோது நான் அடுப்படி மேசையில் இருந்தேன். என்ன நடந்தது என்று கேட்க எனக்கு நா எழவில்லை. அவனே வந்து பக்கத்தில் இருந்து, "பரவாயில்லை மாமா, இது பழைய டி.வி.டி.யையும் படிக்குந்தானே" என்றான். இழந்தவன் அவன், ஆறுதல் சொல்லப்பட்டவன் நான். அவன் சொன்னது மெய்யுந்தான். பல ஆண்டுகளாக அந்த வீட்டின் கலியாணப் படங்களையும் பிள்ளைகளின் அரங்கேற்றங்களையும் அதுவே காட்டியது.

கூத்தாடி யார் என்பது பின்னரே தெரிந்தது. நெற்பிளிக்ஸ், தட்டே இல்லாமல் இணையத்தின் வழியாகப் படங்களை வீட்டுக்கு ஓடவிடத் தொடங்கியது 2007 ஜனவரியில். அதாவது சிவப்பும் நீலமும் அரை மில்லிமீற்றருக்காக முட்டிமோதிக்கொண்டிருந்த அதே வேளையில். நாங்கள் எவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தோற்ற தொஷிபா 2009இல் புளூ ரே கருவியையே செய்து விற்றது. வென்ற நீலத்தின் கொண்டாட்டமும் நீண்டதன்று. சம்சுங் 2019இல் அமெரிக்காவுக்கான புதிய புளூ ரே கருவிகளை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில் சோனி, பதிவு செய்யக்கூடிய புளூ ரே தட்டுகளின் உற்பத்தியை முடித்துக்கொண்டது. நெற்பிளிக்ஸும் தன் தபால் இறுவட்டுச் சேவையை 2023 செப்டெம்பரில் மூடியது. மருமகனின் மகள் இப்பொழுது தனிக் குடித்தனம். அவள் வீட்டில் ஒரு தட்டும் இல்லை. மாதக் கட்டணம் கட்டும் வரை படம் வரும். போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இராது. அது ஏன் போயிற்று என்று கேட்பதற்கு ஒரு கடைக்காரனும் இல்லை.

சென்ற ஆண்டு மீண்டும் ரொறன்ரோவுக்குப் போனபோது நிலக்கீழ் அறைக்கு இறங்கினேன். பிள்ளைகள் அதனை எறியச் சொன்னார்களாம், மருமகன் எறியவில்லை. பதினெட்டுத் தட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். மூன்று, பாதியில் நின்றுவிட்டன. தட்டிலே கீறல் ஒன்றும் இல்லை; உள்ளே ஏதோ கெட்டிருக்கின்றது. 'பிளனெற் ஏர்த்' ஓடியது. நியூகினிக் காடும் பறவையின் கூவலும் வந்தபோது, மேல்மாடியிலிருந்து என் தமக்கையார் கேட்டார்:

"என்ன, உது இன்னும் வேலை செய்யுதோ?"