மாடு ஏன் அடித்தண்டைக் கழிக்கிறது?

காலையில் கட்டுத்தரையைக் கூட்டும்போது பார்த்திருப்பீர்கள்: முந்தின நாள் போட்ட சோளத்தட்டில் தோகையெல்லாம் காலி, அடித்தண்டு மட்டும் அப்படியே கிடக்கும். மாட்டுக்குக் கொழுப்பு என்று திட்டுவோம். அது கழித்துப்போட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆளுயரம் தாண்டி வளரும் பயிர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் சாயாமல் நிற்கவேண்டும். அதற்கான நார்க்கற்றைகள் தண்டின் வெளியோரத்தில் நெருக்கமாக இருக்கின்றன. நடுவே மெத்தென்ற சோறு. செல்சுவரில் செல்லுலோஸ் கம்பி என்றால் லிக்னின் கான்கிரீட். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் செல்லுலோஸைச் சிதைத்துவிடும். லிக்னினிடம் அவற்றின் பாச்சா பலிக்காது; அது மூடியிருக்கும் செல்லுலோஸும் சாணியோடு போய்விடும். தண்டை வளைத்தும் வெட்டியும் விசையை அளந்தால், பொதுவாக அடிக்கணுக்களே அதிகம் தாங்குகின்றன. வயதில் மூத்தவை அவைதான். கதிர் முற்ற முற்ற லிக்னின் ஏறும், புரதம் இறங்கும்.

லிக்னினைக் குறைத்துவிட்டால்? 1924இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், இலையின் நடுநரம்பு பழுப்பாக இருந்த மக்காச்சோளம் கண்ணில் பட்டது. லிக்னின் குறைந்த ரகம். 1978இல் சோளத்திலும் அப்படி உருவாக்கினார்கள். மாட்டுக்கு நன்றாகச் செரிக்கிறது. ஆனால் சில ரகங்கள் சாய்கின்றன, விளைச்சலும் குறைகிறது. நம் காற்றுக்கு மென்மையை மட்டும் நம்பிப் பயிர் வைப்பது சூதாட்டம்.

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போன வழி வேறு. கோ 8 கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து பிறந்தது. தூர் அதிகம், தோகை அதிகம். நட்ட 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. தண்டு முற்றுமுன்பே அரிவாள் வந்துவிடுகிறது.

முற்றிய தட்டை மெஷினில் வெட்டிப்போட்டால் மாடு பொறுக்கித் தின்னமுடியாது, கழிவு குறையும், லிக்னின் குறையாது.

இளசுதான் நல்லது என்று சோளத்தில் அவசரப்படாதீர்கள். இளஞ்சோளத்தில் உள்ள டுரின் என்ற பொருள், மாடு மென்றதும் சயனைடு விஷத்தை வெளிவிடும்; வறட்சியில் வாடிய பயிரில் அது இன்னும் அதிகம். பாதிப் பயிர் பூத்தபிறகு அறுங்கள். முழங்கால் உயரச் சோளக்காட்டில் மாட்டை அவிழ்த்துவிடவே வேண்டாம்.