41 பேர் நின்றார்கள். 39 பேருக்கு டெபாசிட் காலி!
தென்சென்னையில் ‘முதல் இடம்’ யாருக்கு?

சென்னை:

ஒரே தொகுதி. 41 வேட்பாளர்கள். ஓட்டுகளை எண்ணி முடித்தபோது டெபாசிட் தப்பியது 2 பேருக்குத்தான். மீதி 39 பேரும் கட்டிய பணத்தைப் பறிகொடுத்தார்கள். அதில் ஒருவர், 10 வருஷத்துக்கு முன்பு இதே தொகுதியில் வெற்றிமாலை சூடியவர்!

2024-ம் ஆண்டு பாராளுமன்றத் தேர்தலில் தென்சென்னை தொகுதியில் நடந்த கதை இது. ஆனால் அந்தத் தேர்தலில் இதைவிடப் பெரிய கூட்டம் ஒன்று இருந்தது. அது எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடவில்லை. அதன் விவரம் வருமாறு:-

பெரிய தலைகளின் தொகுதி

தென்சென்னை என்றாலே ‘பெரிய இடம்’ என்று பெயர். 1957-ல் இங்கே ஜெயித்தவர் மத்திய நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1962-ல் நாஞ்சில் மனோகரன்.

1967-ல் நின்றவர் அண்ணா. அந்தத் தேர்தலில் அவர் சட்டசபைக்கு நிற்கவே இல்லை. பாராளுமன்றத்துக்குத்தான் நின்றார். கட்சி ஆட்சியைப் பிடித்துவிட, டெல்லிக்குப் போக வேண்டியவர் கோட்டைக்குப் போனார். முதல்-அமைச்சரானார். அவர் விட்ட இடத்துக்கு இடைத்தேர்தலில் வந்தவர் முரசொலி மாறன்.

1977-லும் 1980-லும் ஜெயித்த ஆர்.வெங்கட்ராமன், மத்திய மந்திரியாகி, துணை ஜனாதிபதியாகி, 1987-ல் ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார். 1984-ல் நடிகை வைஜயந்திமாலா நின்றார். எதிரே இரா.செழியன். ஜெயித்தது நடிகை. 1989-லும் அவரே. 1996-ல் இருந்து தொடர்ந்து 4 தடவை டி.ஆர்.பாலு.

2009-ம் ஆண்டு தேர்தலுக்கு முன்பு எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். அதன்பிறகு விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராயநகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் ஆகிய 6 சட்டசபைத் தொகுதிகள் இதற்குள் வந்தன.

2 டாக்டர், ஒரு பேராசிரியை

2024-ல் மும்முனைப் போட்டி. தி.மு.க. சார்பில் தமிழச்சி தங்கபாண்டியன். ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தவர். 2019-ல் இங்கே ஜெயித்தவர். பா.ஜனதா சார்பில் டாக்டர் தமிழிசை சவுந்தரராஜன். தெலுங்கானா கவர்னர் பதவியை உதறிவிட்டுக் களத்தில் குதித்தார். அ.தி.மு.க. சார்பில் டாக்டர் ஜெயவர்தன். 2014-ல் தன் 26-வது வயதில் 1 லட்சத்து 36 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தவர்.

மூன்று பேருமே அரசியல் வீட்டுப் பிள்ளைகள். முன்னாள் அமைச்சர் தங்கபாண்டியனின் மகள், குமரி அனந்தனின் மகள், முன்னாள் சபாநாயகர் ஜெயக்குமாரின் மகன்.

இவர்களோடு நாம் தமிழர் கட்சியும், சின்னக் கட்சிகளும், சுயேச்சைகளுமாகச் சேர்ந்து பட்டியல் 41-ல் போய் நின்றது. ஓட்டு எந்திரத்தில் ஒரு பெட்டிக்கு 16 பொத்தான்தான் உண்டு. 41 பேரோடு ‘நோட்டா’வையும் சேர்த்தால் 42. ஆகவே ஒவ்வொரு சாவடியிலும் 3 பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

500 ரூபாயில் இருந்து 25 ஆயிரம்

ஒரு காலத்தில் பாராளுமன்றத்துக்கு நிற்க டெபாசிட் 500 ரூபாய்தான். 1996-ல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி சட்டசபைத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். ஓட்டுச்சீட்டே புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, பாராளுமன்றத்துக்கு டெபாசிட்டை 10 ஆயிரம் ஆக்கினார்கள். 2010-ல் 25 ஆயிரம் ஆனது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இதில் பாதி.

அங்கீகாரம் பெற்ற கட்சிக்காரருக்கு முன்மொழிய ஒரு ஆள் போதும். சுயேச்சைக்கோ தொகுதிக்குள்ளேயே 10 வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். பணம் போகும் என்று தெரிந்தேதான் சுயேச்சைகள் வருகிறார்கள். ஒருத்தருக்குத் தெருப் பிரச்சினை. ஒருத்தருக்குப் பேர் ஆசை. ‘அவர் பெரிய கட்சி நிறுத்திய டம்மி ஆளப்பா’ என்ற பேச்சும் தேர்தலுக்குத் தேர்தல் உண்டு.

சில ஆயிரத்தில் கோட்டை விட்டார்

2024 ஜூன் 4-ந் தேதி கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் ஓட்டு எண்ணினார்கள். தமிழச்சி 5 லட்சத்து 16 ஆயிரத்து 628. தமிழிசை 2 லட்சத்து 90 ஆயிரத்து 683. ஜெயவர்தன் 1 லட்சத்து 72 ஆயிரத்து 491. நாம் தமிழர் வேட்பாளர் 80 ஆயிரத்தைத் தாண்டினார். பெரும்பாலான சுயேச்சைகளை நோட்டாவே முந்திவிட்டது.

டெபாசிட் திரும்பக் கிடைக்க, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். முதல் 4 பேர் ஓட்டை மட்டும் கூட்டினாலே ஆறில் ஒரு பங்கு 1 லட்சத்து 77 ஆயிரத்தைத் தொடுகிறது. ஜெயவர்தன் சில ஆயிரம் ஓட்டில் அதைக் கோட்டை விட்டார். 10 வருஷத்துக்கு முன்பு 4 லட்சத்து 38 ஆயிரம் ஓட்டு வாங்கிய அதே மனிதர்!

ராத்திரி 67, விடிந்தால் 54!

இனிதான் முக்கிய விஷயம். ஓட்டுப்பதிவு நடந்தது ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அன்று இரவு அதிகாரிகள் முதலில் சொன்ன கணக்கில் தென்சென்னையில் 67 சதவீதத்துக்கு மேல். ‘அடேயப்பா, சென்னைக்காரன் முழிச்சிக்கிட்டான்’ என்று நினைத்தவர்களுக்கு மறுநாள் காலையில் தலை சுற்றியது. கணக்கு 54 சதவீதமாக இறங்கிவிட்டது! தமிழ்நாடு முழுவதும் சேர்த்து 69 சதவீதத்துக்கு மேல். தர்மபுரியில் 81. மத்திய சென்னையில் 54-ஐக்கூட எட்டவில்லை.

தென்சென்னையில் மொத்த வாக்காளர்கள் 20 லட்சத்துக்கு மேல். ஓட்டுப் போடாதவர்கள் 9 லட்சத்துக்கு மேல். முதல் 2 இடம் பிடித்தவர்களின் ஓட்டைச் சேர்த்தாலும் 8 லட்சத்து 7 ஆயிரம்தான். அப்படியானால் அங்கே முதல் இடம் யாருக்கு? சாவடிப் பக்கமே வராத கூட்டத்துக்குத்தான்!

‘வெள்ளி, சனி, ஞாயிறு சேர்ந்து லீவு வந்தா ஊருக்குப் போவாம இன்னா பண்ணுவாங்க?’ என்பது ஒரு சமாதானம். ‘வெயில் சார்’ என்பது இன்னொன்று. ‘நம்ம ஒரு ஓட்டால இன்னா ஆவப்போவுது?’ என்பது எப்போதும் உள்ளது.

ஆள் இருக்கிறாரா, பெயர் மட்டுமா?

ஆனால் அந்த 9 லட்சமும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. 2025 கடைசியில் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்தார்கள். டிசம்பர் 19-ந் தேதி வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்துபோனவர்கள், வீடு மாறிப் போனவர்கள், 2 இடத்தில் பெயர் உள்ளவர்கள் என்று காரணம் சொன்னார்கள். உண்மையான ஆட்களின் பெயரும் சேர்ந்து போய்விடும் என்று சில கட்சிகள் எதிர்த்தன. விடுபட்டவர்கள் மனு கொடுக்க அவகாசமும் தந்தார்கள்.

வாடகை வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு தெரு மாறுகிற ஊர் இது. சைதாப்பேட்டையில் பெயர், சோழிங்கநல்லூரில் குடித்தனம். ஓட்டுப் போடாதவரையும், ஊரிலேயே இல்லாதவரையும் பட்டியல் ஒன்றாகத்தான் காட்டியது.

வேட்பாளர் என்றால் 25 ஆயிரம் கட்ட வேண்டும். மக்கள் ஆதரவு இல்லாவிட்டால் அது அரசாங்க கஜானாவுக்குப் போய்விடும். வாக்காளருக்கு அந்தக் கவலை இல்லை. பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கக் காலணா செலவில்லை. சாவடிக்குப் போய் வர அரை நாள் கூட ஆகாது.

வீட்டிலேயே இருந்தவர்களுக்கும் டெபாசிட் என்று ஒன்று இருந்திருந்தால், 2024-ல் தென்சென்னையில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் 39 பேரோடு நின்றிருக்காது!