தெரிந்த பாட்டுத்தான் வேண்டுமா?

பாண்டு வாத்தியத்தோடு படை நடந்து வரும் காட்சியைப் பார்க்கத் திரளும் ஜனங்களுக்கு, வாசிக்கப்படும் மெட்டு முன்பே தெரிந்திருக்க வேண்டுமா? தெரியாத மெட்டாயின் அவர்கள் ரஸிக்க மாட்டார்களா? கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றினும், இது தேசத்தின் பொது வைபவங்கள் எவ்வாறு நடைபெற வேண்டும் என்னும் பெரிய விஷயத்தைத் தொட்டு நிற்கிறது.

இதில் இரு கட்சிகள் உண்டு. “வெயிலில் நிற்பவனுக்கு வித்வத் சபை வேண்டியதில்லை, அவன் வாய் முணுமுணுக்கும் பாட்டைக் கொடுங்கள், அவன் கால் தானே தாளம் போடும்” என்பது ஒரு கட்சி. “அப்படியானால் என்றைக்கும் பத்துப் பாட்டுகளே சுற்றிச் சுற்றி வரும், ஜனங்களின் செவி வளர்வது எப்போது?” என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. எந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதையே நாம் ஆராய விரும்புகிறோம்.

அண்மைக் காலத்தில் இவ்விவகாரம் தேசத்தின் தலைநகரிலேயே எழுந்தது. ஆண்டுதோறும் ஜனவரி 29-ந் தேதி மாலை, டில்லி விஜய் சௌக்கில் முப்படைகளின் பாண்டுகளும் கூடி வாசிக்கும் ‘பாசறை திரும்புதல்’ வைபவம் நடைபெறுகிறது. அதில் ‘அபைட் வித் மீ’ என்னும் ஆங்கிலக் கிறிஸ்தவக் கீதத்தின் மெட்டு நெடுங்காலமாக வாசிக்கப்பட்டு வந்தது. மகாத்மா காந்திக்கு மிகவும் உவந்த கீதம் அது. 2022-ம் ஆண்டில் அதை நீக்கி, ‘ஏ மேரே வதன் கே லோகோ’ என்னும் ஹிந்திப் பாடலின் மெட்டைச் சேர்த்தார்கள். 1962-ம் ஆண்டு யுத்தத்தில் உயிர் நீத்த வீரர்களுக்காகப் பிரதீப் எழுதி, சி. ராமச்சந்திரா மெட்டமைத்து, 1963 ஜனவரி 27-ந் தேதி டில்லியில் நேருவின் முன்னிலையில் லதா மங்கேஷ்கர் பாடிய பாடல் அது. நாட்டின் பெரும்பாலான ஜனங்களுக்கு அது நெருக்கமானது என்பது, மாற்றத்துக்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. மறு ஆண்டில், அதாவது 2023-ல், இந்திய ராகங்களைத் தழுவிய மெட்டுகளே அவ்வைபவம் முழுவதையும் நிரப்பின.

இந்திய மெட்டுகள் வரவேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் ஆட்சேபமில்லை. ஆனால் ‘ஜனங்களுக்குத் தெரிந்தது’ என்னும் காரணத்தை மட்டும் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும். யாருக்குத் தெரிந்தது? கான்பூர்வாசிக்குத் தெரிந்தது கருவடிக்குப்பத்துவாசிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. ஹிந்தி அறியாத நமது நேயர் ஒருவருக்கு, ஆங்கிலக் கீதத்தின் சொற்கள் எவ்வளவு தூரமோ, ஹிந்திப் பாடலின் சொற்களும் ஏறக்குறைய அவ்வளவு தூரமே. ஆயினும் இரண்டும் அவர் நெஞ்சைத் தொடக்கூடும். எனவே, தொடுவது எது என்று பார்க்க வேண்டுமேயொழிய, தெரிந்ததா தெரியாததா என்று பார்ப்பது போதாது.

இதற்கு நமது சரித்திரத்திலேயே சிறந்த சாட்சியம் இருக்கிறது. 1947-ம் ஆண்டில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை கூடியபோது, ஒரு வைபவத்தில் வாசிப்பதற்காக இந்தியத் தூதுக்குழுவினரிடம் தேசிய கீதம் கேட்டார்கள். அப்போது நமக்குச் சட்டப்படி ஏற்கப்பட்ட தேசிய கீதம் ஒன்றும் கிடையாது. குழுவினரிடம் இருந்தது ‘ஜன கண மன’வின் இசைத்தட்டு ஒன்றே. அதைக் கொண்டு வாத்தியக்காரர்கள் பழகிப் பெரும் கூட்டத்தின் முன் வாசித்தனர். அந்தச் சபையில் பெரும்பாலானோர் அம்மெட்டை அதற்குமுன் கேட்டிருக்க நியாயமில்லை. ஆயினும் பல தேசத்துப் பிரதிநிதிகள் அதை மெச்சி, அதன் ஸ்வரக் குறிப்பைக் கேட்டு வாங்கினார்கள் என்று, 1948 ஆகஸ்டு மாதம் அரசியல் நிர்ணய சபையில் நேரு எடுத்துரைத்தார். தெரியாத மெட்டு, தெரியாத ஜனங்களிடையே, முதல் தடவையிலேயே ஜயித்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1905 முதல் தேசத்தின் மூலைமுடுக்கெல்லாம் முழங்கியது ‘வந்தே மாதரம்’. பரிச்சயம் ஒன்றே அளவுகோலாயின், அதற்கு எதிரே வேறு பாட்டு நின்றிருக்க முடியாது. ஆயினும் பாண்டு வாத்தியத்துக்கும் பல வாத்தியங்கள் கூடிய இசைக்கும் எது இணங்கும் என்பதே அன்று முக்கியமான தர்க்கமாக இருந்தது. வந்தே மாதரத்தின் மெட்டு பாண்டுக்கு ஏற்றதல்ல என்ற வாதத்தைக் கேட்ட மகாராஷ்டிரத்து வித்வான் மாஸ்டர் கிருஷ்ணராவ், வாயால் மறுக்காமல், பாண்டுக்கு ஏற்றபடி அதை அமைத்து வாசிக்கச் செய்து காட்டினார். முடிவில், 1950 ஜனவரி 24-ந் தேதி ‘ஜன கண மன’ தேசிய கீதமாயிற்று. வந்தே மாதரத்துக்குச் சம கௌரவம் அளிக்கப்பட்டது. இன்று பள்ளிக்கூடத்துக் குழந்தையும் அறிந்த மெட்டு அது. பரிச்சயம் முன்னே வந்து கீதத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. கீதம் முன்னே வந்தது, பரிச்சயம் பின்னே வந்தது.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் மற்றொரு சாட்சி. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அதில் சேர்ந்தவர்களில் தமிழர் ஏராளம். ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் பலர். ஜான்ஸி ராணிப் படையில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். அவர்கள் நடைபோட்டது ‘கதம் கதம் படாயே ஜா’ என்னும் ஹிந்துஸ்தானிப் பாட்டுக்கு. கூர்க்கா வீரரான கேப்டன் ராம் சிங் டாகுரி மெட்டமைத்தது அது. அம்மெட்டைத் தோட்டத்துத் தமிழர் தொட்டிலில் கேட்டு வளரவில்லை. எனினும், எதற்காக நடக்கிறோம் என்பது தெரிந்திருந்ததால், மெட்டும் அவர்களுடையதாயிற்று. இன்று அது இந்திய சைனியத்தின் நடை மெட்டுகளில் ஒன்றாக விளங்குகிறது.

இனி, எதிர்க்கட்சியின் மிகப் பலமான வாதத்தை எடுத்துக்கொள்வோம். சபையில் அமர்ந்திருப்பவன் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறான். தெருவோரத்தில் நிற்பவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாண்டு தூரத்தே தோன்றி, எதிரே வந்து, கடந்து மறைகிறது. அவன் காதில் விழுவது ஒரு துண்டு மட்டுமே. தெரிந்த பாட்டானால் மீதியை மனம் நிரப்பிக்கொள்ளும். தெரியாத பாட்டானால் துண்டு துண்டாகவே நின்றுவிடும். இவ்வாதம் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

ஆனால் நடை வாத்தியத்தை அமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். மேனாட்டு ‘மார்ச்’ மெட்டு சிறு சிறு பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியும் இரு முறை வாசிக்கப்படுவது வழக்கம். விரைநடைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 120 அடி என்று கொண்டால், அளவைக்கு இரண்டு அடியாக 16 அளவைகள் கொண்ட பகுதி 16 விநாடிகளில் முடிந்துவிடும். இரு முறை வாசித்தாலும் அரை நிமிஷத்துக்குச் சற்றே அதிகம். எனவே தெருவோரத்தில் நிற்பவன், பாண்டு கடந்து செல்வதற்குள்ளேயே ஒரு பகுதியை முழுமையாகக் கேட்டு, மறுபடியும் கேட்டு, அதனோடு உறவு கொண்டாடிவிடலாம்.

நமது முன்னோரும் இதே யுக்தியைக் கண்டிருந்தனர். ஸ்வாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் வாசிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. கம்பீர நாட்டையில் தத்தகாரமாகவே அமைந்தது. ஒரே உருப்படியை விளம்பம், மத்திமம், துரிதம் என மூன்று காலங்களிலும் வாசிக்கிறார்கள். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி என்ற பாகுபாடும் உண்டு. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்காக மயிலம் முருகன் முதலாகப் பல ஊர் உற்சவ மூர்த்திகளும் வந்து கூடுகையில், கருவடிக்குப்பத்து ஜனங்கள் திரளோடு திரளாக நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மல்லாரியை வாயால் சொல்லத் தெரியும்? நூற்றுக்கு ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தவில் அதிர்ந்தவுடனே கைகள் குவிகின்றன. மெட்டு தெரியாது, ஆனால் ‘ஸ்வாமி புறப்பட்டுவிட்டார்’ என்பது தெரியும். தெரிய வேண்டியது அதுதான்.

ஆக, நடை வாத்தியம் ஜனங்களைக் கவர்வதற்கு மூன்று அம்சங்கள் வேண்டும் என்பது நமது முடிவு. முதலாவது, காலில் ஏறக்கூடிய திட்டமான தாளம். இரண்டாவது, துண்டாகக் கேட்டாலும் உருவம் புலப்படும்படி திரும்பத் திரும்ப வரும் அமைப்பு. மூன்றாவது, யார் நடக்கிறார்கள், எதற்காக நடக்கிறார்கள் என்னும் அறிவு. இம்மூன்றும் இருப்பின் பழைய மெட்டு ஓர் அனுகூலம், அவசியமன்று. இம்மூன்றும் இல்லாவிடில், எவ்வளவு தெரிந்த பாட்டாயினும் ஒலிபெருக்கிச் சத்தமாகவே முடியும்.

இதற்கு மேலும் ஒரு விஷயம் உண்டு. ‘தெரிந்த மெட்டு’ என்பது ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. கொட்டு யார் கையில் இருந்ததோ அவர் விரும்பியதே நாளடைவில் ஜனங்களுக்குத் தெரிந்ததாயிற்று. 1792 ஏப்ரலில் ஸ்ட்ராஸ்புர்க் நகரில் ஓர் இரவில் ரூழே தெ லீல் இயற்றிய ‘மார்ஸெய்யேஸ்’ புதுச்சேரிக் கடற்கரையில் பழகிய மெட்டாக ஒலிப்பானேன்? பிரெஞ்சு ஆட்சி அதை ஆண்டுக்கு ஆண்டு ஒலிக்கச் செய்தது என்பதே விடை. 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறிய பின்னும், ஜூலை 14-ந் தேதி யுத்த ஞாபகச் சின்னத்தின் முன் இரு தேசத்துக் கீதங்களும் ஒலிக்கின்றன. அதை நாம் குறை கூறவில்லை. விடுதலைக்காகப் பிறந்த மெட்டு எத்தேசத்ததாயினும் மரியாதைக்குரியதே. ஆனால் பரிச்சயம் எவ்வாறு உண்டாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுமோ?

அந்நியமான மெட்டு என்று அஞ்ச வேண்டுவதுமில்லை. சென்னைக் கோட்டைச் சிப்பாய்களின் பாண்டில் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு ஸமஸ்கிருத சாகித்தியம் இட்டு முத்துஸ்வாமி தீக்ஷிதர் அமைத்த நோட்டு ஸ்வரங்கள் ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலேயரின் ராஜ கீத மெட்டே ‘சந்ததம் பாஹிமாம்’ ஆயிற்று. ஒரு காலத்தில் விநோதமாயிருந்த அந்த மெட்டுகள், இன்று சங்கீதம் பயிலும் சிறுவருக்குப் பாலபாடமாக உதவுகின்றன.

கருவடிக்குப்பத்துக்கு இவ்விஷயத்தில் விசேஷ பாத்தியதை உண்டு. சித்தானந்த ஸ்வாமி கோயிலுக்குப் பெயர் பெற்ற இவ்வூரின் குயில் தோப்புதான் பாரதியார் ‘குயில் பாட்டு’ப் பாடிய இடம். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த அவர், சங்கீதத்தைப் பற்றி எழுதுகையில் கண்டித்தது எதை? எந்த வித்வான் வந்தாலும், எந்தக் கச்சேரியாயினும், அதே சில பழைய கீர்த்தனங்களையே, அதுவும் ஜனங்களுக்குப் பொருள் விளங்காத பாஷைகளில், பாடிக்கொண்டிருப்பதைத்தான். பழகிவிட்ட ஒரே காரணத்தால் பாட்டு உயிருள்ளதாகிவிடாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

ஆகவே, ஆகஸ்டு 15, ஜனவரி 26, புதுச்சேரிக்கே உரிய நவம்பர் 1, ஆகஸ்டு 16 முதலிய தினங்களில் அணிவகுப்பு நடத்தும் அதிகாரிகளும், பள்ளிக்கூடப் பாண்டுகளைப் பயிற்றுவிப்போரும் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். ஜனங்களுக்குப் பிடிக்கும் என்ற சாக்கில் சினிமா மெட்டுகளையே அடுக்க வேண்டாம். பயிற்சிக்குச் சுலபம் என்ற சாக்கில் பழைய ஆங்கில மெட்டுகளையே நம்பியிருக்கவும் வேண்டாம். தெரிந்த மெட்டு ஒன்றை முதலிலும் ஒன்றை முடிவிலும் வைத்து, நடுவே புதியதை வையுங்கள். மல்லாரியின் கம்பீரமும், கழுகுமலை முருகன்மீது அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்தின் நடையும் பாண்டுக்கு ஏற்காதவையல்ல. அமைத்துத் தர வல்ல வித்வான்களை அழையுங்கள். வாசிக்கப்போவது இன்ன மெட்டு, இன்னார் செய்தது, இன்ன காரணத்துக்காக வாசிக்கப்படுகிறது என்று தமிழில் இரண்டு வாக்கியம் முன்கூட்டிச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, ஒரு வருஷம் வாசித்துக் கைதட்டல் குறைந்தது என்று கைவிடாமல், ஐந்து வருஷம் தொடர்ந்து வாசியுங்கள். ஐந்தாம் வருஷத்தில் அதுவே தெரிந்த மெட்டாகிவிடும்.

ஜனங்களின் ரஸனையைக் குறைத்து மதிப்பிடுவோர், தாம் ஜனங்களுக்கு உபகாரம் செய்வதாக எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது அவமதிப்பேயாகும். மணிக்கணக்காக வெயிலில் நின்று தேசக் கொடியை வணங்கும் ஜனங்கள், முன்பின் கேளாத மெட்டொன்றைக் கேட்கவும் சித்தமாகவே இருக்கிறார்கள். நாம் அதைச் சிரத்தையோடு வாசித்துக் காட்டுகிறோமா என்பதே கேள்வி.